சுருளா, மாவா?

இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரமாக அசைந்துகொடுக்காத போல்ட், திடீரென்று வெல்லப்பாகு மாதிரி இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. கால் சுற்று வந்திருக்கும். ஜெயித்துவிட்ட தெம்பில் இன்னொரு இழுப்பு இழுத்தேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தால் வருமே, அவ்வளவுதான். ஸ்பேனரோடும் அதில் சொருகியிருந்த இரண்டடிக் குழாயோடும் சுவரில் போய் மோதினேன். எழுந்து வந்து போல்ட்டின் தலையைப் பிடித்தால், ஆடுகிற பால்பல் மாதிரி தண்டோடு கையில் வந்தது. மீதி உள்ளேயே நின்றுவிட்டது.

1975-ம் வருஷத்துக் கோடை விடுமுறை. எனக்கு அப்போது 12 வயது. அவிநாசியிலிருந்து சேவூர் போகிற வழியில் எங்கள் தோட்டம். பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்து, அந்தக் கரண்டில் கோயமுத்தூர் மில்லெல்லாம் ஓடிய கதையை அய்யன் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு, இன்னும் கம்பம் நடாத எங்கள் வரப்பைப் பார்ப்பார். ஆகவே எங்களுக்கு ஆயில் எஞ்சின்தான். ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் கனத்த ஃப்ளைவீல், நிமிஷத்துக்கு 650 சுற்று. கிணற்று மேட்டில் ஓடு வேய்ந்த ஒரு அறையில் அது தனியாகக் குடியிருந்தது. அது ஓடினால் வீட்டில் அடுக்கிவைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நின்றால் அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "ஏன் நின்னுபோச்சு?" என்பாள்.

எஞ்சின் சூடாகாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு தகர டிரம் நிறையத் தண்ணீர் உண்டு. கீழ்க் குழாய் வழியே தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். சூடு வாங்கிக்கொண்டு, ஹெட்டின் மேல் இருக்கிற ஒரு வளைவுக் குழாய் வழியாகத் தானாகவே டிரம்முக்குத் திரும்பி வரும். அந்த வளைவுக்குப் 'பெண்டு' என்று பேர். எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. வெந்நீர் அண்டாவில் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, அதே காறல் பெண்டுக்குள்ளும் படிந்து அடைத்துக்கொண்டது. டிரம்முக்கு வருகிற தண்ணீர் குழந்தை ஒண்ணுக்குப் போகிற மாதிரி ஆகிவிட்டது. பெண்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். திரும்ப மாட்டப் புது பேக்கிங் வேண்டும். பேக்கிங் ஷீட் வாங்க அய்யன் திருப்பூர் பஸ் ஏறினார். போகும்போது, "சாயந்தரம் வந்து கழட்டிக்கலாம். எஞ்சின் ரூம் பக்கம் போகாதே" என்றும் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை போயிருக்க மாட்டேன்.

பெண்டை ஹெட்டோடு பிடித்திருந்தது இரண்டே போல்ட். இரண்டும் 'மூணு நூல்'. பட்டறை வழக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூணு நூல் என்று போட்ட ஸ்பேனரின் வாய் மூணு நூலைவிட இரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட அகலமாக இருப்பது எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. அது போல்ட் தலையின் அளவு இல்லை, தண்டின் அளவு என்பது பிறகுதான் தெரிந்தது. விட்வொர்த் என்கிற ஆங்கிலேயர் 1841-ல் வகுத்துவைத்த மரைக் கணக்கு அது. அங்குலத்துக்கு 16 சுற்று, மரையின் கோணம் 55 பாகை. 1956-ல் நம் நாட்டில் சட்டம் போட்டு மெட்ரிக் அளவைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் ரூமுக்கு அந்தச் சட்டம் வரவில்லை.

முதல் போல்ட் பிகு பண்ணாமல் வந்தது. அதுதான் எனக்குக் கொழுப்பேற்றியது. அய்யன் வரும்போது பெண்டு கழன்று, சுரண்டி, பளபளவென்று தயாராக இருக்கும், அவர் என் தோளைத் தட்டுவார் என்றெல்லாம் கணக்குப் போட்டுவிட்டேன். இரண்டாவது போல்ட்டின் ஓரமாகத்தான் வருஷக்கணக்கில் தண்ணீர் கசிந்திருக்கிறது. இரும்பு துருவானால் முன்பு அடைத்துக்கொண்டிருந்ததைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் ஏது இடம்? அப்படியே ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். இதெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்குத் தெரிந்தது, கை பத்தவில்லை, நீளக் குழாய் ஒன்று மூலையில் கிடக்கிறது என்பது மட்டும்தான்.

ஒடிந்த பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். ஒடிந்த வாயில் கொஞ்சம் கிரீஸைத் தடவி, தலையை அதே ஓட்டையில் நேராக நிற்கவைத்தேன். முதல் போல்ட்டையும் பழையபடி இறுக்கிவிட்டேன். குழாயை மூலையில் சாய்த்து, ஸ்பேனரை ஆணியில் மாட்டி, கையை மண்ணில் தேய்த்துக் கழுவிக்கொண்டு போய் நல்ல பிள்ளையாகத் திண்ணையில் உட்கார்ந்து பழைய அம்புலிமாமாவைப் பிரித்துக்கொண்டேன்.

சாயந்தரம் அய்யன் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எஞ்சின் ரூமுக்குள் போனார். நான் லாந்தர் பிடித்தேன். முதல் போல்ட் கழன்றது. இரண்டாவதில் ஸ்பேனரை வைத்தார், லேசாகத் தள்ளினார், அது காற்றில் சுற்றுவதுபோல் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மேலே எழும்பவில்லை. விரலால் பிடித்து இழுத்தார். தலை கையோடு வந்தது.

"போச்சு" என்றார். அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. டிரம்மின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார். அப்புறம் அம்மாவிடம், "என்ற கை வெச்சதும் ஒடஞ்சுபோச்சு பாரு. கெரகம் புடிச்ச கை" என்று அவர் சொன்னபோது லாந்தர் என் கையில் ஆடியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

மூன்று நாள் அய்யன் தன்னால் ஆனதைப் பார்த்தார். சீமெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்தார். ஒடிந்த முனை ஹெட்டின் முகத்தோடு முகமாக நின்றதால் பிடிக்க எதுவுமில்லை. உளியை ஓரத்தில் சாய்த்துவைத்துச் சுத்தியலால் தட்டிச் சுழற்றப் பார்த்தார். போல்ட்டில் ஒரு வெட்டு விழுந்தது, அசையவில்லை. வாழை இலைகள் மத்தியானத்தில் மடிந்து தொங்கின. கிழக்குத் தோட்டத்துக்காரர் ராத்திரியில் அவர் எஞ்சினை ஓட்டி எங்களுக்குத் தண்ணீர் விட்டார். மடை திருப்ப அய்யன் தூக்கம் விழித்தார். நான் கூடவே போய் லாந்தர் பிடித்தேன். அந்தக் கோடையில் நான் பிடித்த லாந்தருக்கு அளவே இல்லை.

நாலாம் நாள் பட்டறைக்காரர் வந்தார். அவருக்கும் ஒரு பேர் இருந்திருக்கும். ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பீளமேட்டுப் பக்கம் ஒரு வார்ப்படசாலையில் ரொம்ப வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு வந்து சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டி, ஹேண்டில்பாரில் ப்ளோ லாம்ப். மெலிந்த ஆள். முன்கையில் மட்டும் கயிறு கயிறாக நரம்பு.

வந்தவர் எஞ்சினைத் தொடவில்லை. "ஒடஞ்ச தலை எங்கீங்?" என்று கேட்டார். அய்யன் எடுத்துக் கொடுத்தார். ஒடிந்த வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்து, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார். முறிந்த இடத்துக்குள் கிரீஸ் எப்படி வந்தது என்று அவர் கேட்கப் போகிறார் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அய்யனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது பழைய கீறலுங்ணா. முன்னமே விட்டிருக்குது. நீங்க ஸ்பேனர் வெக்கலைன்னாலும் ஓடறப்பவே போயிருக்கும்."

தலையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அய்யனுக்கு முகத்தில் ரத்தம் வந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே ஒரு திட்டு விழுந்தது. ஹெட்டின் மேல் உளி பட்ட தடத்தை விரலால் தடவி, "இதாரு வேலைங்?" என்றார் பட்டறைக்காரர். "நாந்தானுங்" என்றார் அய்யன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "காஸ்ட் அயர்ன் பாருங், மேல ஆனையே ஏறி நின்னாலும் தாங்கும். ஓரமாத் தட்டுனா அப்பளந்தான். பாக்கு அளவு பேந்துட்டா ஹெட்டே போச்சு."

ஹெட்டைக் கழற்றி ஊருக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைத்தால் ஆகாதா என்று அய்யன் கேட்டார். ஒடிந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துச் சுழற்றி எடுப்பதும் ஒரு வழிதான். ஆனால் ஹெட்டை இறக்க நாலு ஸ்டட் நட்டைக் கழற்ற வேண்டும். "அதுங்களுக்கும் இதே வயசுதானுங்களே. ஒண்ணு எடுக்கப்போயி நாலு ஒடையோணுமா?" என்றார். அய்யன் வாயை மூடிக்கொண்டார்.

ப்ளோ லாம்ப் சீறியது. தீயை ஒடிந்த போல்ட்டின் மேல் வைப்பார் என்று நினைத்தேன். அதைச் சுற்றி, விலகி, அகலமாக வட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற கை. வார்ப்பிரும்பில் ஒரே இடம் சூடாகிப் பக்கத்து இடம் ஆறிக்கிடந்தால் வெடிப்பு விட்டுவிடும். போதுமான சூடு ஏறியதும் தீயை நிறுத்திவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து ஒடிந்த முனையின் விளிம்பில் தொட்டார். மெழுகு உருகிப் பரவும் என்று பார்த்தால் பரவவில்லை. மயிரிழைக் கோடாகப் போல்ட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இறங்கிக் காணாமல் போனது. சீமெண்ணெய் ஒரு ராத்திரியில் போகாத இடத்துக்கு மெழுகு ஒரு மூச்சில் போனது.

ஆறியதும் முனையைச் சமமாக அரத்தால் தேய்த்து, நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியை வைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அம்மா காப்பி போட்டுக் கொண்டுவந்து, அது ஆறி ஆடை கட்டிவிட்டது. நெஞ்சில் முட்டுக்கொடுத்துச் சுற்றுகிற கை டிரில்லால் ஒரு நூல் துளை போட்டு, பழைய அரத்தைச் சதுரமாகக் கூம்பாக்கித் தானே செய்த ஒரு முளையை அதற்குள் தட்டி இறக்கினார். கடையில் இதற்கென்று இடது மரை போட்ட சாமான் விற்கிறதே என்றார் அய்யன். "அது கடினம் ஏத்துன இரும்புங்ணா. உள்ள ஒடஞ்சா அதத் தொளைக்க டிரில் கெடையாது. பொறவு எஞ்சினுக்குக் கோயல்தான் கட்டோணும்" என்றார்.

முளையின் தலையில் ஸ்பேனரை மாட்டிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"கைய வெய் கண்ணு. மெதுவா. என்ன தெரியுது?"

ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

"இன்னுங் கொஞ்சம்."

அழுத்தினேன். கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாக, அது வந்தது. எனக்குத் தெரிந்த அதே வழுக்கல். அதே வெல்லப்பாகு. என் கை தானாகவே பின்னால் வந்துவிட்டது.

"ஏன் உட்டுட்ட?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. "இளகற போல்ட்டு அழுவும் கண்ணு. கிரீச்சுனு ஒரு சத்தம் கேக்கும், கையில சுருக்குனு படும். சத்தமே இல்லாமக் கம்முனு வந்தா அது இளகல, முறுக்கிக்குது. இன்னொரு இழுப்பு இழுத்தா முடிஞ்சது." அய்யன் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார், கண் மட்டும் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இனிச் சுழற்றிப் பயனில்லை, மொத்தமாகத் துளைத்தே எடுத்துவிடுவது என்று முடிவானது. கழற்றிய நல்ல போல்ட்டை அளந்து, டிரில்லில் முக்கால் அங்குலத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். அதற்குக் கீழே தண்ணீர் அறை. ஓட்டை விழுந்தால் அப்புறம் அடைப்பது பெரும்பாடு. நெஞ்சால் அழுத்திக்கொண்டு குனிந்து சுற்றுகிறவருக்குத் துளையின் வாய் தெரியாது. ஆகவே ஒரு கோழி இறகைக் கையில் கொடுத்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"வெளிய வர்றத நீதான் பாத்துச் சொல்லோணும். சுருளா வந்தா போல்ட்டு. மாவா வந்தா எஞ்சினு."

போல்ட் உருக்கு. டிரில் அதைச் சீவினால் பென்சில் சீவின தோல் மாதிரி சுருள் சுருளாக வெள்ளியாய் வரும். வார்ப்பிரும்பில் சுருளே வராது. கறுப்பு மாவாகத்தான் கொட்டும். நூறு கிலோ வார்ப்பிரும்பில் மூன்று கிலோவுக்கு மேல் கரி. அந்தக் கரி செதில் செதிலாக இரும்புக்குள் ஊடாடிக் கிடப்பதால் சீவல் நீளமாகச் சுருளும் முன்பே பொடிந்துவிடும். பென்சிலுக்குள் இருக்கிறதும் அதே கரிதான். எண்ணெய் விட்டால் இரண்டும் சேறாகக் குழைந்து அடையாளம் தெரியாது என்று, ஒரு சொட்டுகூட விடாமல் உலர்வாகவே துளைத்தார். அதனால் கொஞ்சம் சுற்றுவார், நிறுத்துவார், டிரில்லை ஆறவிடுவார். அவர் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டாமல் இருக்க அய்யன் துண்டால் துடைத்துவிட்டார்.

"என்ன வருது?"

"சுருள்."

"இப்ப?"

"சுருள் மாமா."

ஒன்றரை நூல் டிரில் முடிந்து இரண்டு நூல் டிரில் பாதி ஆழம் போயிருக்கும். இறகால் ஒதுக்கினேன். சுருள்களுக்கு நடுவே ஒரு சிட்டிகை கறுப்பு. அழுக்கோ என்று விரலால் தொட்டேன். விரல் ரேகையெல்லாம் ஸ்லேட்டுப் பென்சில் பிடித்த மாதிரி மினுங்கியது.

அந்த ஒரு நொடி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொன்னால், நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எஞ்சின் கெட்டது என்று ஆகிவிடுமோ என்கிற பயம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த அறையில் அதற்கு முன்பும் ஒருமுறை சொல்லாமல் இருந்து பழகியவன்தானே நான்.

"மாவு" என்றேன். குரல் எழும்பவில்லை. டிரில் சுற்றிக்கொண்டே இருந்தது. "மாமா, மாவு! மாவு வருது!"

சட்டென்று நிறுத்தினார். டிரில்லை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பக்கத்துச் சுவரில் நகக்கீறல் அளவுக்கு உரசியிருந்தது. "நல்லவேளை" என்று மட்டும் சொன்னார். மொட்டை மூக்கு வைத்த சின்ன உளி ஒன்றை எடுத்து, துளையின் எதிர்ப்பக்கத்தில் நெல்மணி நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார். டிரில் எப்போதும் காலியான பக்கம்தான் சாயும். இப்போது நடுவுக்குத் திரும்பியது. மறுபடியும் சுருள். என் வாழ்நாளில் ஒரு பொருளைப் பார்த்து அப்படி நிம்மதிப்பட்டது அந்தச் சுருளைப் பார்த்துத்தான்.

கடைசியாக இரண்டரை நூல். மூணு நூல் போல்ட்டின் மரையைத் தொடாமல், மரைக்குள் இருக்கிற தண்டை மட்டும் தின்கிற அளவு அது. சிவப்பு நூல் வாயைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, கொக்கி மாதிரி வளைத்த ஒரு ஊசியைத் துளைக்குள் விட்டு விளிம்பை நெம்பினார். ஒரு நுனி எழும்பியது. மூக்குக்குறடால் அதைப் பிடித்து, அவசரமே இல்லாமல், திருகித் திருகி இழுத்தார். போல்ட் போய்விட்டிருந்தது, அதன் மரை மட்டும் மெல்லிய கம்பிச் சுருளாக, கைக்கடிகாரத்து ஸ்பிரிங் மாதிரி, சுற்றுச் சுற்றாக வெளியே வந்துகொண்டே இருந்தது. துருவேறிப் பழுப்பாக, இரண்டு இடத்தில் அறுந்து. அதற்குக் கீழே ஹெட்டின் சொந்த மரை, ஒரே ஓர் இடத்தில் அந்த நகக்கீறலோடு, முழுசாக இருந்தது.

அப்புறம் எல்லாம் சட்டுப்புட்டென்று நடந்தது. மூணு நூல் டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று ஓட்டி மரையைத் துடைத்தார். அய்யன் பேக்கிங் ஷீட்டைப் பெண்டின் முகத்தில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டியே வெட்டி எடுத்தார். புது போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி இறுக்கினார்கள். அய்யன் ஹேண்டில் போட்டுச் சுற்ற, பட்டறைக்காரர் லீவரை விட, எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வளைவுக் குழாயிலிருந்து டிரம்முக்குள் தண்ணீர் கை மொத்தத்துக்கு விழுந்தது. வீட்டுப் பக்கமிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை கேட்க அவளிடம் கேள்வி இல்லை.

கூலி போக ஒரு சீப்பு பூவன் பழமும் வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் போய்விட்டு வா என்று அய்யன் என்னை அனுப்பினார். இட்டேரி வழியே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் பெட்டியைச் சுமந்து பின்னால் நடந்தேன். பின்னால் எஞ்சின் சத்தம் சின்னதாகிக்கொண்டே வந்தது. ரோட்டில் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டியதும், அவர் சட்டைப் பையில் கைவிட்டு அந்தப் போல்ட் தலையை எடுத்தார். கிரீஸை வேட்டி நுனியில் துடைத்து, ஒடிந்த வாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பழைய கீறல் என்றால் அந்த இடம் கறுத்துத் துருப்பிடித்திருக்க வேண்டும். இதில் கறுப்பே இல்லை. வாய் முழுக்க ஒரே சாம்பல் வெள்ளி. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, குளத்துச் சுழல் மாதிரி, மெல்லிய கோடுகள் சுற்றிச் சுற்றி இறங்கியிருந்தன.

"முறுக்கி ஒடைச்சா இப்பிடித்தான் சுழி விழும்" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கை என் உச்சந்தலைக்கு வந்தது. மயிரை இரண்டாக ஒதுக்கி, ஏதோ டிரில் வைக்கப் புள்ளி தேடுகிற மாதிரி விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்கயும் ரெட்டைச் சுழி" என்றார். போல்ட் தலையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு காலைப் பெடலில் வைத்து உந்தி, சேவூர்ப் பக்கமாகப் போய்விட்டார்.